வடசென்னைக் கடற்கரை: இராயபுரம் முதல் எண்ணூர் வரை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி எண்ணூர் முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் நிலப்பகுதி வடசென்னைக் கடற்கரை எனப்படும். இராயபுரத்திலிருந்து முகத்துவாரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இந்தச் சிறிய தூரத்திற்குள் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலம், தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம், இந்தியாவின் பழைய பெருந்துறைமுகங்களுள் ஒன்று, மோட்டார் வாகன ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள், பல மீனவக் குப்பங்கள் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகள் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன.

சென்னையின் வரலாறு எழுதப்படும்போது கோட்டையும் மயிலாப்பூரும் பெறும் இடம் இப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. நகரத்துக்கு வேண்டிய துணி, உப்பு, விறகு, மீன், மின்சாரம், பெட்ரோல் ஆகியவை வெவ்வேறு காலங்களில் இந்த வழியாகவே வந்தன என்பதை நோக்கினால், அது பெரிய குறை என்றே சொல்ல வேண்டும்.

நில அமைப்பு

கடலோரம் முழுவதும் மணல்மேடுகள், அவற்றின் பின்னே தாழ்ந்த சதுப்பு, அதற்கும் மேற்கே வண்டல் சமவெளி. இதுவே இப்பகுதியின் அடிப்படை அமைப்பு. குன்றுகள் இல்லை. கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே பெரும்பாலான ஊர்கள் உள்ளன. ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. எனவே மூன்று மாதம் வெள்ளம், மற்ற மாதங்களில் தண்ணீர்ப் பஞ்சம் என்பது இங்கு பழைய கதை.

பூண்டி வழியாக வரும் கொசஸ்தலை ஆறு (பேச்சு வழக்கில் கொற்றலை ஆறு) எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகளும் சேற்றுத் திட்டுகளும் உண்டு. இறாலும் நண்டும் மடவையும் பெருகும் இடம் அது. வடக்கே பழவேற்காடு ஏரிவரை இந்த நீர்ப்பரப்பு தொடர்கிறது. மணலி, கொடுங்கையூர் போன்ற மேற்குத் தாழ்நிலங்களில் பெய்யும் மழையும் கடைசியில் இந்தக் கழிமுகத்தைத்தான் தேடி வரும்.

ஒற்றியூர்

இப்பகுதியின் மிகப் பழைய ஊர் திருவொற்றியூர். ஆங்கிலேயர் 1639இல் கோட்டைக்கு இடம் பெறுவதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாயன்மார்களால் பாடப்பெற்ற தலம் இது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்து, மகிழ மரத்தடியில் பிரியேன் என்று சூளுரைத்து, பின்னர் அதை மீறிக் கண் பார்வை இழந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறு இவ்வூரைச் சேர்ந்தது. விளக்கெரிக்க எண்ணெய் வாங்க வழியின்றித் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்த கலிய நாயனார், இங்கே செக்கு ஓட்டிய வணிகர் குலத்தவர். பட்டினத்தாரின் சமாதிக் கோயிலும் கடலோரத்தில் உள்ளது.

ஊர்ப் பெயருக்கு ஒரு சுவையான கதை வழங்குகிறது. எல்லாத் தலங்களுக்கும் வரி விதித்து மன்னன் ஓலை எழுதச் செய்தபோது, வரிகளுக்கு இடையே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே எழுதிச் சேர்த்தாராம். அதனால் இங்குள்ள இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர். வரிவிலக்குப் பெற்ற ஊர் என்ற நினைவு இக்கதையில் தங்கியிருக்கலாம்.

கதையைவிடக் கல்வெட்டு உறுதியானது. ஆதிபுரீசுவரர் கோயிலில் பல்லவர், சோழர், இராட்டிரகூடர் காலக் கல்வெட்டுகள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் ஒன்று மனத்தைத் தொடுவது. சோழ இளவரசன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூடரால் கொல்லப்பட்டான். அவனுடைய நெருங்கிய தோழனாகிய கேரள நாட்டு வல்லபன், அந்தப் போரில் அவனுடன் நின்று உயிர்விட இயலாமற்போனதை எண்ணி வருந்தித் துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தை அடைந்து சதுரானன பண்டிதர் என்று பெயர் பெற்றார். போரில் வென்ற கன்னரதேவனின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டிலேயே இச்செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அம்மடத்தில் அதே பெயர் தாங்கிய பிற்காலத் தலைவர் ஒருவரின் வேண்டுகோளின்படி, முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருவறை கருங்கல்லால் எடுக்கப்பட்டது. யானையின் பின்புறம் போல் வளைந்த அந்தத் தூங்கானை மாட வடிவக் கட்டடத்தை அமைத்த தச்சனின் பெயரும், இரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டில் இருக்கிறது. கட்டியவன் பெயர் தெரியாத கோயில்களே நாட்டில் அதிகம். ஆகவே இப்பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது தகும்.

பிற்காலத்திலும் ஊரின் சிறப்புக் குறையவில்லை. வீணை குப்பையரின் அழைப்பில் வந்த தியாகராசர் இத்தலத்து அம்மன்மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. சென்னை ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த வள்ளலார் இங்கு அடிக்கடி நடந்தே வந்து வழிபட்டு, வடிவுடையம்மன்மீது மாணிக்கமாலை பாடினார்.

வணிகக் கம்பெனியின் காலம்

கோட்டை எழுந்த பின் வடக்கே ஊர்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனியின் கைக்கு வந்தன. எழும்பூர், புரசைவாக்கத்துடன் தண்டையார்பேட்டை 1693இல் கிடைத்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களும் 1708இல் நவாப் தாவூத் கானால் அளிக்கப்பட்டன.

கம்பெனிக்கு வேண்டியது துணி. அதற்கு நெசவாளரும் வெளுப்பவரும் வேண்டும். வெள்ளைத் துணியை வெளுத்து உலர்த்தியவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. ஆளுநர் ஜோசப் காலட் (1717–1720) திருவொற்றியூர் அருகே நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காலட்பேட்டை என்ற அதன் பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அக்காலத்தது. இன்று மெட்ரோ நிலையப் பலகையில் அப்பெயரைப் படிக்கும் பயணிகளில் பலருக்கு, அதற்குள் ஓர் ஆங்கிலேயன் ஒளிந்திருப்பது தெரியாது.

தண்டையார்பேட்டைக்கு இப்படியொரு விளக்கம் சொல்வார்கள். இராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டி அருகிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் எனப்பட்டார், அதுவே ஊர்ப் பெயராயிற்று என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் வாழ்ந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஊர்ப் பெயரோ 1693ஆம் ஆண்டுப் பதிவிலேயே வந்துவிடுகிறது. எனவே இவ்விளக்கம் காலக்கணக்கில் நிற்காது. மஸ்தான் சாகிபுவின் பெருமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. அவருடைய தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர்.

இராயபுரத்தின் பெயர் வேறு வகை. ஏசுவின் சீடராகிய பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தேங்காய் நாரால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இப்படகுகளை ஓட்டிய குருகுலக் கிறித்தவர்கள் தங்கள் உழைப்பில் சேர்த்த பணத்தில் இராயப்பர் ஆலயத்தை 1820களில் கட்டினர். ஆளுநர்களைக்கூடத் தோளில் சுமந்து கரையிறக்கிய அந்தத் தொழிலாளரின் பெயர் எந்தச் சிலையிலும் இல்லை. இந்த ஆலயமே அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம்.

எண்ணூர்வரையிலான கால்வாய் 1806இல் தனியார் முயற்சியாக வெட்டப்பட்டு, காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் அது வடக்கே நீட்டப்பட்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் முழுக் கால்வாயும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்தில் 257 கிலோமீட்டர், தமிழகத்தில் 163 கிலோமீட்டர் என நீண்ட இந்த நீர்வழியில்தான் ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் நெல்லும் படகில் சென்னைக்கு வந்தன. உப்புக் கிடங்குகள் இருந்த இடத்தின் பெயர் சால்ட் கோட்டர்ஸ் என்று இரயில்வே சரக்கு நிலையத்தில் இன்றும் வழங்குகிறது. எண்ணூர் அந்நாளில் ஆங்கிலேயர் படகு விடவும் சிப்பி உண்ணவும் சென்ற உல்லாசத் தலம். இன்றைய எண்ணூரைப் பார்ப்பவர்க்கு இதை நம்புவது கடினம்.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் இராயபுரம் இரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டிகள் ஓடின. நாட்டின் முதல் இரயில் 1853இல் மும்பையிலிருந்து தாணேவுக்கு ஓடியது. ஆனால் அன்றைய மும்பை நிலையக் கட்டடம் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இராயபுரமே. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் இதன் முதன்மை போயிற்று. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது.

துறைமுகமும் மணலும்

வடசென்னையின் இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள மணலின் போக்கை அறிவது மிக அவசியம்.

1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் ஒரு தோணித்துறை கட்டப்பட்டது. அது போதவில்லை. 1875இல் இங்கிலாந்து இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றின் பெரும்பகுதியைத் தகர்த்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கே திறந்திருந்த வாயிலில் மணல் மேடிட்டதால், துறைமுகப் பொறுப்பாண்மைக் கழகத்தின் தலைவரான பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார்.

மணல் எங்கிருந்து வந்தது? சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையை அடைகின்றன. ஒவ்வோர் அலையும் சிறிதளவு மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் திசை மாறினாலும், மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு கரையோரமாக ஓடுகிறது என்று சொல்லலாம். துறைமுகச் சுவர் அந்த ஆற்றின் குறுக்கே போட்ட அணையாயிற்று. அணைக்குத் தெற்கே மணல் தேங்கியது. குறுகலாக இருந்த கரை ஆண்டுக்கு ஆண்டு அகன்று மெரினாக் கடற்கரையாக வளர்ந்தது. வடக்கே மணல் வரவு நின்றது. ஆனால் அலை தன் பங்கை எடுப்பதை நிறுத்தவில்லை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என வரிசையாகக் கரை அரிக்கப்பட்டது. வீடுகள், தெருக்கள், கோயில்கள், வலை உலர்த்தும் மணல்வெளிகள் கடலுக்குள் போயின.

நகரம் பெருமை கொள்ளும் மெரினாவும் வடசென்னை இழந்த கரையும் ஒரே கணக்கின் வரவும் செலவும். இதைப் பாடநூல்கள் தெளிவாகச் சொல்வதில்லை.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களை லாரி லாரியாகக் கொட்டினர். கல்லைக் கொட்டினால் சாலை தப்புகிறது. ஆனால் கட்டுமரம் ஏற்ற மணல் இல்லாமற்போகிறது. 2000களில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் பல அமைக்கப்பட்டன. அவற்றின் இடையே சில இடங்களில் சிறு மணற்கரைகள் திரும்பியுள்ளன. கரையை இழந்த குப்பங்களுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் புதிய மையமாயிற்று. 1980களிலிருந்து விசைப்படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. விடியுமுன் தொடங்கும் அதன் மீன் ஏலம் சென்னை முழுவதற்கும் விலை நிர்ணயிக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த பலர் கடலைவிட்டு விலகிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். படகையும் வலையையும் பார்வையில் வைத்திருக்க வேண்டிய தொழிலுக்கு அது பொருந்தவில்லை என்ற குறை இன்றும் உண்டு.

ஆலைகள்

துறைமுகம், இரயில், கால்வாய் ஆகிய மூன்றும் அருகருகே இருந்ததால் ஆலைகள் வந்தன. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தன. அங்குள்ள தொழிலாளர்களின் துயரிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே எனக் கருதப்படுகிறது. பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் அதை வளர்த்தனர். 1921 வேலைநிறுத்தம் தொழிலாளரிடையே சாதிப் பிளவாக மாறிப் புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. சங்க வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் அது. மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923இல் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரு கூட்டங்களுள் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையில் நடந்தது. 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இராபின்சன் பூங்காவும் இராயபுரத்தில்தான் உள்ளது.

விடுதலைக்குப் பின் தொழில் திருவொற்றியூர்–எண்ணூர் நெடுஞ்சாலைக்கு நகர்ந்தது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், பின்னர் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாயிற்று. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் 1955 முதல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்க வந்தது. இங்கிலாந்தில் அதன் தாய் ஆலை 1970க்குள் மூடப்பட்டுவிட, திருவொற்றியூரில் மட்டும் புல்லட் உயிரோடு இருந்தது. பிறகு இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் ஆனது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகர் என்ற இரயில் நிலையமாகவும் மெட்ரோ நிலையமாகவும் நிலைத்துவிட்டது.

இந்த ஆலைகள் வேலை கொடுத்தன. சங்கு ஊதும் நேரத்தை வைத்தே வீட்டில் அடுப்பு மூட்டிய காலம் அது. அடுத்து வந்தவை வேறு இனம். மணலியில் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. உர ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அதைச் சூழ்ந்தன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டில் 1990களில் வந்தது. அதற்கு நிலக்கரி இறக்கவே முதன்மையாகத் திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இவற்றில் நிலத்தின் தேவை அதிகம், ஆள் தேவை குறைவு. உள்ளூரார்க்குக் கிடைத்த நிரந்தர வேலை அதனினும் குறைவு.

மக்கள்

மீனவர், நெசவாளர், ஆலைத் தொழிலாளர், துறைமுகச் சுமையாளர் எனப் பல திசையினர் கலந்த சமூகம் இது. வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தோர், தெலுங்கர், உருது பேசும் இசுலாமியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் அருகருகே வாழ்ந்தனர். தமிழ்நாட்டின் ஒரே பார்சி நெருப்புக் கோயில் இராயபுரத்தில் 1910இல் கட்டப்பட்டது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வியாசர்பாடியில் குடியேற்றப்பட்டனர். அவர்கள் கொண்டு வந்த அத்தோ இன்று வடசென்னை உணவாகவே ஆகிவிட்டது. 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரம் மருத்துவமனையாகி, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வர்.

திரைப்படங்கள் இம்மக்களைப் பெரும்பாலும் அரிவாளோடு காட்டுகின்றன. குத்துச்சண்டைப் பரம்பரைகள், வியாசர்பாடியின் கால்பந்து, தெருவோரக் கேரம் பலகைகள், இரவு கடந்து நடக்கும் கானாப் பாட்டு ஆகியவை அதைவிட உண்மையான அடையாளங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பகுதிப் பெண்.

எண்ணூர்க் கழிமுகம்

கழிமுகத்தில் இறால் பிடிக்கும் முறை பழமையானது. சிறுவலை வீசுவோர் ஒருபுறம். மறுபுறம், இருளர் முதலியோர் மார்பளவு நீரில் அமர்ந்து சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுவர். முதலீடு எதுவும் வேண்டாத தொழில் இது. ஆனால் நீரில் உட்கார முடிய வேண்டும்.

அனல் மின் நிலையங்களின் சாம்பல் குழாய்கள் கசிந்து, சாம்பல் கழியில் படிந்து, ஆழம் குறைந்தது. ஆலைகளின் சூடான நீர் கழிக்குள் விடப்பட்டது. சதுப்பு நிலம் நிரப்பப்பட்டது. சதுப்புக்கு வருவாய்த்துறை தரும் பெயர் புறம்போக்கு. தீர்வை விதிக்கப்படாத பொதுநிலம் என்பதே அதன் பொருள். நாளடைவில் அச்சொல் ஒரு வசவாகிவிட்டது. ஏரியும் மேய்ச்சல் நிலமும் கழியும் ‘யாருக்கும் உதவாதவை’ என்று எண்ணப்பட்டதற்கு இந்தப் பொருள் மாற்றமே சான்று. 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளியிட்ட சென்னைப் புறம்போக்குப் பாடல் எண்ணூரில் படமாக்கப்பட்டு, கழிமுகத்தின் நிலையை நகரத்தார்க்குக் காட்டியது.

அதே 2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்து, வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை விசாரித்தது. மறுபடியும் வாளிதான் கருவி. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலையை மூடக் கோரிச் சுற்றுவட்டாரக் குப்பங்கள் பல நாள் போராடின.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்காகப் புதிய மீன்பிடித் துறைமுகம் கட்டப்பட்டுள்ளது. அதற்கும் கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் உண்டு. அவற்றுக்கு வடக்கே எர்ணாவூரும் எண்ணூர்க் குப்பங்களும் இருக்கின்றன.